மூக்குக் குழாய் இணைப்பானுக்குக் காப்புரிமை: பரிசோதகர் எதைப் பார்க்கிறார்?

மூக்கு வழியாக உணவுக் குழாய் போட்ட ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்களுக்கு, அந்தக் குழாயின் வெளிமுனை நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் அதை ரைல்ஸ் டியூப் என்பார்கள். வெளிமுனையில் சிரிஞ்சைப் பொருத்தி, வடிகட்டிய கஞ்சியையோ பாலையோ மெல்ல விட வேண்டும். உணவுக்கு முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் குழாயை அலச வேண்டும். சிரிஞ்சும் குழாயும் சேருகிற அந்த இடத்தில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டுதான் இணைப்பான். அதை ஒருவர் மேம்படுத்திக் காப்புரிமை கேட்டால், காப்புரிமை அலுவலகத்தில் என்ன நடக்கும் என்பதை இத்துறைக்கே புதியவர்களுக்காக எழுதுகிறேன்.

மதுரையில் இருந்து காப்புரிமை விண்ணப்பங்கள் தயாரிக்கும் வேலை என்னுடையது. பொறியியல் கல்லூரி மாணவர்களும், கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளில் பட்டறை நடத்துபவர்களும் வருவார்கள். மருத்துவக் கருவி என்றால் அநேகமாக எல்லோருடைய முதல் வாதமும் ஒன்றுதான்: “சார், இது உயிரைக் காக்கிற பொருள். எப்படிக் கொடுக்காமல் இருப்பார்கள்?” அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால், பரிசோதகர் தீர்ப்புச் சொல்வது பொருளின் நன்மையைப் பற்றி அல்ல. நீங்கள் எழுதிக் கொடுத்த உரிமைகோரல் என்ற சில வாக்கியங்களை, உலகில் ஏற்கெனவே வெளியாகியிருப்பவற்றோடு சொல் சொல்லாக ஒப்பிடுவதுதான் அவர் வேலை. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் மற்றவை எல்லாம் தாமாகவே விளங்கும்.

இந்தச் சிறு துண்டுக்கு ஏன் இவ்வளவு வரலாறு?

நரம்பில் மருந்து ஏற்றும் ஊசி, சிரிஞ்சு, டிரிப் குழாய் எல்லாவற்றிலும் நீண்ட காலமாக ஒரே வகை முனைதான் இருந்தது. லூயர் என்பது அதன் பெயர். 100-க்கு 6 என்ற கணக்கில் சரியும் சிறு கூம்பு அது. எந்த நிறுவனம் செய்த சிரிஞ்சும் எந்த நிறுவனம் செய்த ஊசியோடும் பொருந்தும் என்பது அதன் பெரிய வசதி. பெரிய ஆபத்தும் அதுவேதான். வயிற்றுக்குப் போக வேண்டிய உணவுக் குழாயிலும் அதே முனையை வைத்ததால், கட்டிலைச் சுற்றிப் பல குழாய்கள் தொங்கும் நேரத்தில், களைத்துப்போன ஒரு செவிலியரின் கை உணவை ரத்தக் குழாயோடு இணைத்துவிட முடியும். அப்படி நடந்தும் இருக்கிறது. பால் ரத்தக் குழாயில் ஏறிய நிகழ்வு மருத்துவ இதழ்களில் 1972-லேயே பதிவாகியிருக்கிறது. இத்தகைய தவறான இணைப்புகளைத் திரட்டி 2011-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில் 116 நிகழ்வுகள் இருந்தன. அவற்றில் 21 பேர் இறந்துபோனார்கள்.

எச்சரிக்கைப் பலகை மாட்டியும், குழாய்க்கு நிறம் கொடுத்தும் இது நிற்கவில்லை. தவறாகச் சேர்க்க நினைத்தாலும் சேராத வடிவம்தான் தீர்வு என்று உலக அளவில் முடிவாயிற்று. அதன் விளைவாக 2016-இல் வந்ததுதான் ஐஎஸ்ஓ 80369-3 என்ற தரநிலை. வணிகத்தில் இந்த முனையை என்ஃபிட் என்கிறார்கள். இது லூயருடன் பொருந்தாது. வழக்கமாக சிரிஞ்சில் இருக்கும் கூம்பு, இதில் நோயாளியின் குழாய்ப் பக்கத்துக்கு மாறிவிட்டது. சிரிஞ்சின் முனை அதன்மேல் கவிந்து, மரையில் திருகி உட்காரும். பிளாஸ்டிக்கும் குறிப்பிட்ட விறைப்புடன் இருந்தாக வேண்டும். தளர்வான பிளாஸ்டிக் என்றால் பொருந்தாத முனையையும் அழுத்தித் திணித்துவிடலாம் அல்லவா?

நம் ஊர் வார்டுகளிலும் வீடுகளிலும் இன்னும் அதிகம் கண்ணில் படுவது புனல் போல் வாய் விரிந்த பழைய ரைல்ஸ் டியூப்தான். இருந்தாலும் புதிதாக இணைப்பான் வடிவமைக்க நினைப்பவர் இந்தத் தரநிலையைப் படிக்காமல் ஒரு கோடு கூடப் போடக் கூடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தரநிலையில் வெளியான ஒவ்வொரு வரைபடமும் அளவும் உலகுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. காப்புரிமைப் பரிசோதகர் அதையே உங்களுக்கு எதிரான ஆவணமாக எடுத்து வைக்கலாம். இணைப்பான் பொருந்த வேண்டுமானால் வடிவம் தரநிலைப்படி இருக்க வேண்டும். காப்புரிமை வேண்டுமானால் அதிலிருந்து ஏதோ ஒன்று புதிதாக இருக்க வேண்டும். இந்தத் துறையில் புதுமைக்குக் கிடைக்கும் இடம் அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய சந்துதான்.

ஓர் இணைப்பானும் ஒரு மூடியும்

விளக்குவதற்காக ஒரு கற்பனைக் கண்டுபிடிப்பை எடுத்துக்கொள்கிறேன்.

என்ஃபிட் முனையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவே ஒரு சிறு கூம்பு நிற்கும். அதைச் சுற்றி, உட்புறம் மரை வெட்டிய வட்டச் சுவர். இரண்டுக்கும் நடுவில் அகழி போல ஒரு பள்ளம். சிரிஞ்சைக் கழற்றும்போது சொட்டும் பாலும் கஞ்சியும் அந்தப் பள்ளத்தில்தான் தங்கும். நம் வெயிலில் சற்று நேரத்தில் அது காய்ந்து, மரையின் இடுக்கில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். அடுத்த வேளை சிரிஞ்சு சரியாகத் திருகி உட்காராது. அல்லது உட்கார்ந்து இறுகிக்கொண்டு கழல மறுக்கும். பள்ளத்தைச் சின்னத் தூரிகை வைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். கடைகளில் கிடைக்கும் உணவுக் கலவையை விட, வீட்டில் அரைத்து வடிகட்டிய சத்துமாவுக் கஞ்சியைக் கொடுக்கும் குடும்பங்களுக்கு இந்தத் தொல்லை கூடுதல்.

ஓர் உயிர்மருத்துவப் பொறியியல் மாணவர் இதற்கு ஒரு மூடி செய்ய நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூடியைத் திருகி மூடும் அதே செயலில் பள்ளத்தில் இருக்கும் உணவு வழிக்கப்பட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பது எண்ணம். புதூரில் மோல்டிங் பட்டறை வைத்திருப்பவரிடம் படத்தைக் காட்டுகிறார். அவர் பார்த்துவிட்டு, “தம்பி, இந்த விளிம்பைத் தட்டையாக விட்டால் உணவை அடியிலேயே அமுக்கிவிடும். விளிம்பைச் சாய்த்து, சுவரிலே மேல்நோக்கி ஒரு வாய்க்கால் வெட்டி விடுங்கள். திருகத் திருக மேலே ஏறி வந்துவிடும்” என்கிறார். “சரிதான் அண்ணே” என்று மாணவரும் மாற்றி வரைகிறார்.

விண்ணப்பம் எழுதும் முன்பே இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கண்டுபிடிப்பாளர் யார்? கொடுத்த படத்துக்கு அச்சு செய்து கொடுத்தவர் மட்டும் என்றால் பட்டறைக்காரர் கண்டுபிடிப்பாளர் ஆக மாட்டார். ஆனால் சாய்ந்த விளிம்பும் வாய்க்காலும் அவர் யோசனை. பின்னால் இந்த மூடியின் காப்புரிமையே அந்த இரண்டு அம்சங்களில்தான் நிற்கப் போகிறது. எனவே விண்ணப்பப் படிவமான படிவம் 1-இல் அவர் பெயரும் இருக்க வேண்டும். பட்டறையில் கை கறுத்து நிற்பவரின் பெயரை விட்டுவிட்டு, பட்டம் பெற்றவர்களின் பெயர்களை மட்டும் எழுதும் வழக்கம் எனக்குச் சற்றும் பிடிக்காதது. அது நியாயமில்லை, சட்டப்படியும் சரியில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரிக் கண்காட்சியில் வைப்பது, இணையத்தில் காணொளி போடுவது, மாநாட்டுக் கட்டுரையாக அச்சிடுவது எல்லாம் விண்ணப்பம் தாக்கல் செய்த பிறகுதான். உங்கள் வாயால் நீங்களே வெளியிட்டதும் ‘ஏற்கெனவே வெளியானவை’ கணக்கில் சேரும். காப்புரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு சில கண்காட்சிகளுக்கும் அறிஞர் அவைகளில் வாசிக்கும் கட்டுரைகளுக்கும் 12 மாத விலக்கு தருகிறது. அதன் நிபந்தனைகள் குறுகியவை. அதை நம்பி முன்கூட்டியே காட்டிவிடக் கூடாது. வேலை முழுமையாக முடியவில்லை என்றால் தற்காலிக விவரக்குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பின் முதல் கட்ட விளக்க ஆவணத்தை, தாக்கல் செய்து நாளைப் பிடித்துக்கொள்ளலாம். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுத்தால் போதும்.

உரிமைகோரல் என்பது எல்லை

விண்ணப்பத்தில் படம், விளக்கம், சுருக்கம் என்று பல பகுதிகள் உண்டு. பரிசோதகரின் கண் போய் நிற்பது கடைசியில் எண்ணிட்டு எழுதப்படும் உரிமைகோரல்களில்தான். துறையில் இவற்றைக் கிளெய்ம் என்பார்கள். நிலப் பத்திரத்தில் கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் புஞ்சை என்று நான்கு எல்லை எழுதுவது போன்றது இது. நிலம் எவ்வளவு விளையும் என்பது அங்கே பேச்சில்லை. எதுவரை உங்களுடையது என்பதுதான் பேச்சு. எல்லையை அகலமாக எழுதினால் அடுத்தவர் நிலம் உள்ளே வந்துவிடும். குறுக்கி எழுதினால் உங்கள் நிலமே வெளியே போய்விடும்.

நம் மாணவர் முதல் உரிமைகோரலை இப்படி எழுதுகிறார் என்று கொள்வோம்: “குழாய் உணவு இணைப்பானுக்கான ஒரு மூடி, அதன் சுற்றுச்சுவர் இணைப்பானின் அகழிக்குள் இறங்கி அதைத் துடைக்கும்.” படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இது பரிசோதனையில் என்ன ஆகும் என்பதைப் பார்க்கும் முன், விண்ணப்பம் பரிசோதகர் மேசைக்குப் போகும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் தாக்கல் செய்ய வேண்டியது சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில். மதுரையில் இருந்து பஸ் ஏற வேண்டிய தேவை இல்லை, எல்லாம் இணையவழிதான். தனி நபர், புத்தொழில் நிறுவனம், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு இணையவழித் தாக்கல் கட்டணம் 1,600 ரூபாய், மற்றவர்களுக்கு 8,000. பக்கங்கள் 30-ஐயும் உரிமைகோரல்கள் 10-ஐயும் தாண்டினால் தனிக் கட்டணம். தாக்கல் செய்த நாளில் இருந்து, அல்லது அதற்கு முந்தைய முன்னுரிமை நாள் (தற்காலிக விவரக்குறிப்பைப் போல முதலில் கொடுத்ததன் நாள்) இருந்தால் அதிலிருந்து, 18 மாதம் கழித்து விண்ணப்பம் அரசின் காப்புரிமை இதழில் வெளியாகும்.

பலர் தடுக்கி விழுவது அடுத்த படியில். தாக்கல் செய்துவிட்டால் பரிசோதனை தானாக வராது. படிவம் 18-ஐத் தனியாகக் கொடுத்துக் கேட்க வேண்டும். முன்பு இதற்கு அதே நாளில் இருந்து 48 மாத அவகாசம் இருந்தது. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்த விதிகளின்படி, புதிய விண்ணப்பங்களுக்கு அது 31 மாதம் ஆகிவிட்டது. கேட்காமல் விட்டால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். தனி நபருக்கு இதன் கட்டணம் 4,000 ரூபாய். விரைவுப் பரிசோதனைக்குப் படிவம் 18ஏ, கட்டணம் 8,000. புத்தொழில் நிறுவனங்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் அந்த வழி திறந்திருக்கிறது. விண்ணப்பதாரர்கள் தனி நபர்களாக இருந்து, அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தாலும் விரைவுப் பரிசோதனை கேட்கலாம். இந்த வசதி தெரியாமலேயே பல மாணவிகள் வரிசையில் காத்திருக்கிறார்கள்.

பரிசோதகரின் மேசையில்

பரிசோதகர் முதலில் தேடுகிறார். உலகக் காப்புரிமைகள் எல்லாம் பொருள்வாரியாக வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. சிகிச்சைக்கான உணவுக் குழாய்களுக்கு ஏ61ஜே 15 என்ற வகை. மருத்துவக் குழாய் இணைப்பான்களுக்கு ஏ61எம் 39. நம் மூடிக்கு அவர் இந்த இரண்டிலும் தேடுவார். அதோடு நிற்க மாட்டார். பாட்டில் மூடிகள் இருக்கும் வகைக்கும் போவார். நாடு, மொழி, காலம் எதுவும் தடை இல்லை. எப்போதோ வேறொரு கண்டத்தில் வெளியாகி, ஒருவரும் வாங்காமல் போன மூடியாக இருந்தாலும், அது அச்சில் இருந்தால் போதும்.

முதல் கேள்வி, இது புதிதா? இதற்கான விதி கறாரானது. உரிமைகோரலில் சொன்ன எல்லா அம்சங்களும் ஒரே ஆவணத்தில் சேர்ந்து இருந்தால் புதுமை போய்விட்டது. ஓர் அம்சம் குறைந்தாலும் அந்த ஆவணத்தால் புதுமையைக் கெடுக்க முடியாது.

நம் மாணவரின் வாக்கியத்தை இதில் வைத்துப் பாருங்கள். மரையில் திருகி மூடும் சாதாரண என்ஃபிட் மூடி ஒன்று முன்பே ஏதோ ஓர் ஆவணத்தில் இருப்பதாகக் கொள்வோம். அந்த மூடியின் சுற்றுச்சுவரும் அகழிக்குள் இறங்கத்தான் செய்யும். இறங்கினால்தான் மரை பிடிக்கும். இறங்கிச் சுழலும்போது அது அகழியின் சுவரைத் துடைக்கவும் செய்யும். ‘துடைக்கும்’ என்ற சொல் அந்த ஆவணத்தில் இல்லாவிட்டாலும், அந்த வடிவம் தவிர்க்க முடியாமல் அதைச் செய்கிறது என்று பரிசோதகர் எழுதுவார். முதல் உரிமைகோரல் விழுந்தது. மூடியைச் செய்தவர்கள் மனதில் இருந்த சாய்ந்த விளிம்பும் வாய்க்காலும் அந்த வாக்கியத்தில் எங்கே இருக்கின்றன? எழுதவில்லை. பரிசோதகரின் முடிவு முற்றிலும் சரி.

இரண்டாம் கேள்விதான் கடினம். புதிது என்றே வைத்துக்கொண்டாலும், அத்துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ள ஒருவருக்கு இது எளிதில் தோன்றக்கூடியதா? சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவு கேட்பது இதைத்தான்: ஏற்கெனவே உள்ள அறிவை விட ஒரு தொழில்நுட்ப முன்னேற்றம், அல்லது பொருளாதார முக்கியத்துவம், அல்லது இரண்டும் இருக்க வேண்டும், அத்துடன் தேர்ச்சி உள்ளவருக்கு அது தெள்ளெனத் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். இங்கே பரிசோதகர் இரண்டு மூன்று ஆவணங்களை இணைத்தும் பார்க்கலாம்.

பட்டறைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வழக்கு உண்டு. லேத்தில் பாத்திரம் கடையும்போது அது கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றுக்குக் காப்புரிமை வழங்கப்பட்டிருந்தது. பிஷ்வநாத் பிரசாத் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1978-இல் நீதிமன்றம் காப்புரிமை செல்லாது என்றது. ஏற்கெனவே தெரிந்த ஒன்றை மேம்படுத்துவது வெறும் பட்டறை அளவிலான மேம்பாட்டைத் தாண்டி இருக்க வேண்டும் என்பது அதில் நிலைத்த கோட்பாடு. இன்றுவரை கருவிகள் சார்ந்த விண்ணப்பங்களின் மேல் இந்தத் தீர்ப்பின் நிழல் விழுகிறது.

நம் மூடிக்கு இது நேரடியாகப் பொருந்தும். அச்சில் வார்க்கும் எந்தப் பிளாஸ்டிக் துண்டுக்கும் சுவரில் சிறிது சரிவு கொடுப்பார்கள். இல்லாவிட்டால் அது அச்சிலிருந்து கழன்று வராது. அது எல்லாப் பட்டறைக்கும் தெரிந்த வழக்கம். விண்ணப்பத்தில் “விளிம்பு சாய்ந்திருக்கும்” என்று மட்டும் எழுதிவிட்டால், ‘இது வார்ப்புச் சரிவுதான், வழக்கமான பட்டறை வேலை’ என்று பரிசோதகர் ஒரே வரியில் தள்ளிவிடலாம். எதற்காகச் சாய்ந்திருக்கிறது என்று எழுத வேண்டும். திருகும் திசையோடு அந்தச் சாய்வுக்கு என்ன தொடர்பு, எந்தக் கோண வரம்புக்குள் உணவு மேலேறுகிறது, தட்டையான விளிம்பு வைத்த மூடியில் என்ன நடந்தது, மூடிய பிறகு அகழியில் மீந்த கஞ்சியின் எடை இரண்டிலும் எவ்வளவு என்று சோதித்துப் பார்த்து அட்டவணையாகக் கொடுக்க வேண்டும். சமையலறைத் தராசு அளவுக்கு எளிய சோதனையும் வெறும் பெருமைப் பேச்சை விடப் பல மடங்கு உதவும்.

பரிசோதகரின் எழுத்து கைக்கு வரும்போது அதற்கு முதல் பரிசோதனை அறிக்கை என்று பெயர். அதில் ஆவணங்களுக்கு டி1, டி2 என்று பெயரிட்டிருப்பார்கள். நம் கதையில் டி1 சாதாரண என்ஃபிட் மூடி. டி2 பசை பாட்டிலின் வாயில் ஒட்டியதை வழிக்கும் விளிம்பு கொண்ட ஒரு மூடி என்று கொள்வோம். “டி1-இன் மூடியில் டி2-இன் வழிக்கும் விளிம்பைச் சேர்ப்பது தேர்ச்சி உள்ளவருக்கு எளிது” என்று எழுதியிருக்கும். முதல் முறை இதைப் படிப்பவர்கள் மனம் உடைந்துபோகிறார்கள். உடைய வேண்டியதில்லை. ஏறக்குறைய எல்லா விண்ணப்பத்துக்கும் ஆட்சேபனை வரத்தான் செய்யும். பரிசோதகர் கேட்கிறார், நாம் பதில் சொல்கிறோம், நடைமுறையே அதுதான்.

அறிக்கையில் வேறு சில ஆட்சேபனைகளும் இருக்கலாம். மருத்துவத் துறையில் இரண்டை மட்டும் சொல்கிறேன். “இந்த இணைப்பானைக் கொண்டு நோயாளிக்கு உணவூட்டும் முறை” என்று உரிமை கோரினால் 3(ஐ) பிரிவு குறுக்கே நிற்கும். மனிதருக்குச் செய்யும் சிகிச்சை முறைகளுக்கு இந்தியாவில் காப்புரிமை கிடையாது, கருவிக்கு உண்டு. எனவே உரிமையைக் கருவியின் மேல் கேளுங்கள். அடுத்தது 3(எஃப்). தெரிந்த மூடி, தெரிந்த வடிகட்டி, தெரிந்த கிளாம்ப் மூன்றையும் ஒன்றாகக் கட்டி, ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குப் பழைய வேலையையே செய்துகொண்டிருந்தால், அது வெறும் அடுக்கல், கண்டுபிடிப்பு ஆகாது. உறுப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து புதிதாக ஏதாவது செய்வதைக் காட்ட வேண்டும். எண்கள் படத்தோடு ஒத்துப்போகவில்லை, வெளிநாட்டு விண்ணப்பங்களைப் பற்றிச் சொல்லும் படிவம் 3 வரவில்லை போன்றவை எழுத்தர் வேலை. ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

பதில் எழுதுவது

அறிக்கை வந்த நாளில் இருந்து 6 மாதத்துக்குள் பதில் கொடுக்க வேண்டும். கட்டணம் கட்டி அவகாசம் கேட்க வழி உண்டு. ஒன்றும் செய்யாமல் விட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாக ஆகிவிடும்.

பதிலில் இரண்டு வேலைகள். உரிமைகோரலைத் திருத்துவது ஒன்று. நம் மாணவர் இப்போது இப்படி எழுதுகிறார்: “மூடியின் சுற்றுச்சுவரின் கீழ் விளிம்பு, திருகி மூடும் திசையில் சாய்ந்த வழிப்பு முனையாக அமைந்திருக்கும், அந்த முனையிலிருந்து சுற்றுச்சுவரின் வெளிப்பரப்பில் மேல்நோக்கிச் செல்லும் வாய்க்கால் மூடியின் வெளிப்புறத் திறப்பில் முடியும், மூடியைத் திருகும்போது அகழியில் உள்ள உணவு வாய்க்கால் வழியாக வெளியேறும்.” எல்லை குறுகிவிட்டது. ஆனால் இப்போது உள்ளே இருப்பது முழுவதும் அவருடையது.

இந்தத் திருத்தத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு, அதை நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வேன். 59-ஆம் பிரிவின்படி, முதலில் தாக்கல் செய்த விவரக்குறிப்பில் இல்லாத எதையும் பிறகு சேர்க்க முடியாது. திருத்திய உரிமைகோரலும் முதலில் கேட்ட எல்லைக்கு உள்ளேயே அடங்க வேண்டும். வாய்க்காலைப் பற்றி அன்றே விளக்கத்தில் எழுதி, படத்தில் வரைந்திருந்தால்தான் இன்று அது கைகொடுக்கும். அதனால்தான் விளக்கப் பகுதியைக் கஞ்சத்தனமாக எழுதக் கூடாது என்கிறேன். வாய்க்கால் ஒன்றா மூன்றா, நேரா சுருளா, திறப்பு மேலா பக்கவாட்டிலா என்று யோசித்த மாற்று வடிவங்கள் அனைத்தையும் எழுதி வையுங்கள். எது பிற்பாடு காப்பாற்றும் என்று தாக்கல் செய்யும் நாளில் யாருக்கும் தெரியாது.

இன்னொரு வேலை வாதம். டி1-ஐயும் டி2-ஐயும் உண்மையிலேயே சேர்த்துப் பார்த்தால் என்ன கிடைக்கும்? பசை பாட்டிலின் மூடி, வாயில் ஒட்டிய பசையை வழித்துப் பாட்டிலுக்கு உள்ளேயே தள்ளுகிறது. பசை வீணாகக் கூடாது என்பது அதன் நோக்கம். அதை அப்படியே இணைப்பானில் வைத்தால், உணவு அகழியின் அடிக்குத் தள்ளப்பட்டு அங்கேயே இறுகும். நாம் தீர்க்க வந்த தொல்லையையே அது பெரிதாக்கும். ஆக, இரண்டையும் கையில் வைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் நம் மூடிக்கு வந்து சேர மாட்டார், எதிர்த்திசையில்தான் போவார். வெளியே ஏற்றும் வாய்க்கால் இரண்டு ஆவணங்களிலும் இல்லை. சோதனை அட்டவணையும் தட்டை விளிம்பின் தோல்வியைக் காட்டுகிறது. நல்ல பதில் என்பது இப்படித்தான் இருக்கும். எதிரில் வைத்த ஆவணத்தை முழுமையாகப் படித்து, அது என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்பதில் இருந்து தொடங்க வேண்டும். “எங்கள் கண்டுபிடிப்பு தனித்துவமானது, நோயாளிகளுக்கு மிகவும் பயனுள்ளது” என்று பக்கம் பக்கமாக எழுதிய பதில்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பரிசோதகர் பிடித்துக்கொள்ள ஒரு வரி கூட இருக்காது.

பதிலுக்குப் பிறகும் ஐயம் இருந்தால், விண்ணப்பத்தின் மேல் முடிவெடுக்கும் அதிகாரியான கட்டுப்பாட்டாளர் முன் விசாரணை நடக்கும். இப்போது காணொளி வழியாகவே நடப்பதால் மதுரையில் அமர்ந்தபடியே பேசலாம். விசாரணைக்குப் பின் எழுத்து வாதத்தை 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் இதழில் வெளியானதில் இருந்து காப்புரிமை வழங்கப்படும் வரை யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். வழங்கிய பிறகும் ஓராண்டு வரை, அதில் அக்கறை உள்ளவர்கள் எதிர்க்கலாம். நிராகரிக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு உண்டு.

பரிசோதகர் பார்க்காதவை

காப்புரிமை கிடைத்தால், தாக்கல் செய்த நாளில் இருந்து 20 ஆண்டு. மூன்றாம் ஆண்டில் இருந்து புதுப்பிப்புக் கட்டணம் கட்டிவர வேண்டும். அந்தச் சான்றிதழ் எதைச் சொல்லவில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

மூடி பாதுகாப்பானது என்று அது சொல்லவில்லை. கிருமிநீக்கத்தைத் தாங்குமா, பிளாஸ்டிக் உணவோடு சேர்ந்து எதையாவது கசியவிடுமா, கழன்று தொண்டையில் போகும் அளவுக்குச் சிறியதா என்பவை மருத்துவக் கருவிகள் விதிகள், 2017-இன் கீழ் வரும் உரிமம் சார்ந்தவை. அது வேறு அலுவலகம், வேறு கோப்பு. காப்புரிமைச் சான்றிதழைக் காட்டி ஒரு வார்டில் கூட மூடியை விற்க முடியாது.

விற்பதற்கான அனுமதியும் அதில் இல்லை. காப்புரிமை தருவது மற்றவர்களைத் தடுக்கும் உரிமையைத்தான். உங்கள் மூடி உட்காரும் இணைப்பானின் ஏதோ ஓர் உறுப்புக்கு இந்தியாவில் வேறொருவர் காப்புரிமை வைத்திருந்தால், மூடிக்கு உங்களுக்குக் காப்புரிமை இருந்தும் அவரைக் கேட்டுத்தான் இரண்டையும் சேர்த்து விற்க முடியும். இதைப் பரிசோதகர் பார்த்துச் சொல்ல மாட்டார். நீங்கள்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு. மதுரை மல்லிக்கு 2013-இல் கிடைத்தது போல ஒன்று தங்கள் மூடிக்கும் வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அது புவிசார் குறியீடு. ஓர் ஊரின் மண்ணோடும் கைத்திறனோடும் சேர்ந்த பெயருக்கு, அதை விளைவிக்கும் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைப்பது. சுங்குடிச் சேலைக்கு இருப்பதும் அதுவே. காப்புரிமை ஒரு தொழில்நுட்பத் தீர்வுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்டவர்களுக்குக் கிடைப்பது. மருத்துவக் கருவி செய்வது மதுரைக்குப் புதிதல்ல. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை 1992 முதல் ஆரோலேப் நிறுவனம் இங்கேதான் செய்துவருகிறது. ஓர் இணைப்பானும் மூடியும் இங்கிருந்து வருவதில் வியப்பு எதுவும் இருக்காது.

இதைப் படித்துவிட்டு அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு: இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் என்ற தேடல் தளம் இலவசம். அதில் ஏ61எம் 39 என்ற வகையைக் கொடுத்தால் குழாய் இணைப்பான்களின் விண்ணப்பங்கள் வரும். பரிசோதனை முடிந்தவற்றில் ஒன்றைத் திறந்து, முதலில் தாக்கல் செய்த உரிமைகோரல், முதல் பரிசோதனை அறிக்கை, அதற்குக் கொடுத்த பதில், கடைசியில் ஏற்கப்பட்ட உரிமைகோரல் ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எந்தச் சொற்கள் புதிதாக நுழைந்தன என்று பென்சிலால் அடிக்கோடிடுங்கள். பிறகு அந்தச் சொற்கள் முதல் நாள் விவரக்குறிப்பில் எந்தப் பக்கத்தில் இருந்தன என்று தேடிக் கண்டுபிடியுங்கள்.